ஆளைக் கொல்வது வோல்ட்டா, ஆம்பியரா? கார் பேட்டரியில் குழம்பி நிற்கிறேன்

மின்மினி_10 கேட்டது:

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன், மின்னியல் பாடம் முடிந்து இப்போது திருப்புதல் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குகள் போட வருகிறது, ஓம் விதியும் தெரியும், ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வகுப்பில் "ஆளைக் கொல்வது மின்னழுத்தம் அல்ல, மின்னோட்டமே" என்று சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் எதுவும் ஒட்டவில்லை.

கார் பேட்டரி வண்டியைக் கிளப்பும் நேரத்தில் 200 ஆம்பியர் வரைகூடக் கொடுக்கிறது. ஆனால் அதன் இரண்டு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் எரியும் 60 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கிறது, அதற்குப் போகும் கம்பியைத் தொட்டால் உயிர் போகலாம். மின்னோட்டம்தான் கொல்லும் என்றால் பேட்டரிதானே பெரிய ஆபத்தாக இருக்க வேண்டும்? டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையில் ஏன் ஆம்பியரை எழுதாமல் வோல்ட்டை எழுதுகிறார்கள்?

சரி, அப்படியானால் வோல்ட்தான் கொல்கிறது என்று வைத்துக்கொண்டால் அதுவும் உதைக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவின் பிடியைத் தொட்டால் சுரீரென்று பொறி பறக்கிறதே, அது ஆயிரக்கணக்கான வோல்ட் என்கிறார்கள். அதில் யாரும் சாவதில்லை.

தேர்வில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் புரியவில்லை. யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.


இயற்பியல்_டீச்சர் எழுதியது:

தம்பி, வகுப்பில் சொன்ன வாக்கியம் பொய் இல்லை, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "எதன் வழியாகப் போகிற மின்னோட்டம்" என்று அதில் சேர்த்துக்கொண்டால் உன் குழப்பத்தில் முக்கால்வாசி கரைந்துவிடும்.

பேட்டரியின் உள்ளே 200 ஆம்பியர் ஏற்கெனவே நிரம்பி, யார் தொட்டாலும் பாய்வதற்குத் தயாராக இருக்கிறது என்று மனதில் ஒரு படம் வைத்திருக்கிறாய், அதை முதலில் அழித்துவிடு. பேட்டரி வைத்திருப்பது 12 வோல்ட் என்ற தள்ளுவிசை மட்டும்தான். எவ்வளவு ஓடும் என்பதை எதிரே இருக்கும் மின்தடைதான் முடிவு செய்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாதையில் மொத்தத் தடை 0.06 ஓம் என்று வைத்துக்கொள், 12-ஐ 0.06-ஆல் வகுத்தால் 200 ஆம்பியர். அதே பேட்டரியை நீ உலர்ந்த இரண்டு கைகளால் பிடிக்கிறாய், உன் தோலின் தடை 50,000 ஓம் என்று வை, 12-ஐ 50,000-ஆல் வகுத்தால் 0.24 மில்லி ஆம்பியர். அது ஓடுவதே உனக்குத் தெரியாது. பேட்டரி மாறவில்லை, பாதை மாறியது.

பல்பு விஷயத்திலும் இதே தவறுதான். பல்பு இழுக்கும் கால் ஆம்பியருக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீ ஃபேஸ் கம்பியை, அதாவது மின்னழுத்தம் இருக்கும் கம்பியை, தொட்டுக்கொண்டு தரையில் நின்றால் பல்புக்குப் பக்க இணைப்பில் இன்னொரு மின்தடையாகச் சேர்கிறாய். பல்பு தன் பங்கை இழுக்கும், நீ உன் பங்கை இழுப்பாய். 230 வோல்ட், உன் உடம்பு 1,500 ஓம் என்றால் உன் பங்கு ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர்.

இங்கே நீ நியாயமாக ஒன்று கேட்கலாம், இப்போதுதானே தோல் 50,000 ஓம் என்றீர்கள், அது எப்படி 1,500 ஆனது என்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, பாடப்புத்தகம் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தம். ஓம் 1827-ல் தன் விதியை வெளியிட்டபோது அவர் சோதித்தது உலோகக் கம்பிகளை. மனிதத் தோல் அப்படிப்பட்ட பொருள் இல்லை. உலர்ந்த மேல்தோல் குறைந்த மின்னழுத்தத்தில் நல்ல தடுப்பாக நிற்கும், மின்னழுத்தம் ஏற ஏற அந்தத் தடுப்பு உடைந்து தடை சரிந்துவிடும். தோலுக்குள்ளே இருப்பது உப்புக் கரைசல் போன்ற திசு, அங்கே தடை சில நூறு ஓம்தான். அதனால் 230 வோல்ட்டில் உடம்பை ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஓம் என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம். ஈரக் கை என்றால் தோலின் தடுப்பு ஆரம்பத்திலேயே இல்லை. ஆக, மின்னழுத்தம் அதிகமாக இருந்தால் தள்ளும் விசையும் கூடுகிறது, தடுக்கும் சுவரும் சாய்கிறது. அபாயப் பலகையில் வோல்ட்டை எழுதுவதற்குக் காரணம் இப்போது தெரிகிறதா? உன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடும் என்று பலகை எழுதுபவருக்கு முன்கூட்டியே தெரியாது, அது உன் தோலையும் வியர்வையையும் நீ நிற்கும் தரையையும் பொறுத்தது. அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது வோல்ட் ஒன்றைத்தான்.

உடம்பில் என்ன ஆகும் என்பதற்குத் தோராயமான அளவுகள் உண்டு, ஆளுக்கு ஆள் மாறும். வீட்டு மாறுதிசை மின்சாரத்தில் 1 மில்லி ஆம்பியர் அளவில் லேசாகச் சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகிக்கொள்ளும், பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. "மின்சாரம் இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று சொல்கிறார்களே, அது காந்தம் மாதிரி இழுப்பது இல்லை, நம் தசையே மூடிக்கொள்கிறது. இன்னும் ஏறினால் மூச்சுத் தசைகள் திணறும். 100 அளவில் ஒரு நொடி நீடித்தால்கூட இதயத்தின் தாளம் கலைந்து, தசைநார்கள் ஆளுக்கொரு பக்கம் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்படித் துடிக்கும் இதயத்தால் ரத்தத்தைத் தள்ள முடியாது.

பாதையும் முக்கியம். ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு இடையே பாய்ந்தால் விரல் கருகலாம். கையில் நுழைந்து இன்னொரு கை வழியாகவோ கால் வழியாகவோ வெளியேறினால் நடுவில் இதயம் இருக்கிறது.

கடைசியாகக் கதவுப் பிடி. அங்கே இல்லாதது நேரம். உன் உடம்பு ஒரு சின்ன மின்தேக்கி, கொள்ளளவு 100 பிகோஃபாரட் அளவில். 10,000 வோல்ட் ஏறியிருந்தாலும் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் 1 மைக்ரோகூலும்தான், அது கண்ணிமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சீக்கிரத்தில் தீர்ந்துவிடும். மேலே சொன்ன 150 மில்லி ஆம்பியர் ஒரு நொடி ஓடினால் 0.15 கூலும். இரண்டையும் வகுத்துப் பார், ஒன்றரை லட்சம் மடங்கு. வீட்டு மின்சாரத்துக்குப் பின்னால் மின்நிலையம் இருக்கிறது, நீ விடும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும்.


கம்பிவேலை எழுதியது:

டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வயரிங் வேலை செய்பவன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பேட்டரி ஷாக் அடிக்காது என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதே தம்பி. ஸ்பேனர் தவறி இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம், பல நூறு ஆம்பியர் ஓடும், ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். கையில் மோதிரமோ உலோகப் பட்டை போட்ட கடிகாரமோ இருந்தால் அதே கதிதான், சுற்றிலும் தோல் வெந்துபோகும். போதாததற்கு சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கும். இங்கே சுடுவது மின்னோட்டம், உன் உடம்பு வழியாகப் போகாமலே சுடுகிறது.

இன்னொன்று என் சொந்த அனுபவம். வேலை பழகிய முதல் வருடம், ஒரு பல்பு ஹோல்டரை மாற்ற ஏணியில் ஏறினேன். சுவிட்சை அணைத்தேன், பல்பும் அணைந்தது, மின்சாரம் இல்லை என்று நம்பி ஹோல்டருக்குள் விரலை வைத்தேன், தூக்கி அடித்தது. கீழே விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்த வீட்டில் முன்பு வேலை செய்தவர் சுவிட்சை ஃபேஸ் கம்பியில் போடாமல் நியூட்ரலில், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியில், போட்டிருந்தார். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் சுற்று அறுந்துவிடும், பல்பு அணைந்துவிடும், பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நியூட்ரலில் அறுத்தால் ஃபேஸ் ஹோல்டர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது, நான் போய் மீதிச் சுற்றை முடித்துக் கொடுத்தேன். "சுவிட்சும் ஃபியூஸும் எப்போதும் ஃபேஸ் கம்பியில்தான்" என்று உங்கள் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள். அந்த ஒரு வரி எனக்கு மூன்று மாதம் வேலையைக் கெடுத்தது. அதனால் சுவிட்சை மட்டும் நம்பாதே, பல்பு மாற்றுவதாக இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டுச் செய்.


மின்மினி_10 எழுதியது:

டீச்சர், அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. "பாதை மாறியது" என்ற இடத்தில் சட்டென்று புரிந்துவிட்டது. அண்ணா, தோள் இப்போது சரியாகிவிட்டதா?

ஆனால் இதிலிருந்தே அடுத்த சந்தேகம். 150 மில்லி ஆம்பியர் ஆளைக் கொல்லும் என்றால், வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் 5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே. 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது உருகும். அப்படியென்றால் எனக்கு ஷாக் அடிக்கும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? பிறகு எதற்கு அதைப் பாதுகாப்புச் சாதனம் என்கிறோம்?


சுற்றும்_சுழலும் எழுதியது:

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நான் பொறியியல் கல்லூரியில் மின்னியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், முதலாமாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் ஃபியூஸ் ஆளைக் காப்பாற்றும் என்றுதான் சொல்கிறார்கள். நீ பத்தாம் வகுப்பிலேயே கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாய்.

ஃபியூஸும் எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் கம்பியை. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. கம்பியின் மேலுறை உருகித் தீப்பிடிப்பதற்கு முன்னால் ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டு சுற்றை அறுக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கக் கூடாது என்பது இதனால்தான், அப்படி வைத்தால் ஃபியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் கம்பி ஃபியூஸாகிவிடும்.

ஆளைக் காப்பாற்ற ஃபியூஸுக்கு ஒரு துணை தேவை, அதுதான் தரையோடு இணைத்திருக்கும் எர்த் கம்பி. இரும்பு உடல் கொண்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள். உள்ளே ஃபேஸ் கம்பி தேய்ந்து பெட்டியின் உடலைத் தொட்டுவிட்டது. எர்த் இல்லையென்றால் பெட்டி வழக்கம்போல் சூடாகிக்கொண்டிருக்கும், உடல் முழுவதும் 230 வோல்ட், வெளியே எந்த அடையாளமும் இல்லை, தொடுகிறவர்தான் முதல் பாதை. எர்த் இருந்தால் உடலிலிருந்து மிகக் குறைந்த தடையில் ஒரு பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. மொத்தம் 1 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 ஆம்பியர் பாயும், 5 ஆம்பியர் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். யாரும் தொடுவதற்கு முன்பே கோளாறு வெளியே தெரிந்துவிடுகிறது பார், எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை. பல மூன்று முள் பிளக்குகளில் எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருக்கும், செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விலகும்படி. அந்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறும்.

ஆனால் எர்த்தும் ஃபியூஸும் சேர்ந்தாலும், நீ நேராக ஒரு வெறும் கம்பியைப் பிடித்துவிட்டால் உதவாது, உன் வழியாக 150 மில்லி ஆம்பியர்தான் போகிறது. அதற்காக வந்ததுதான் ஆர்சிசிபி, மின்னோட்டம் கசிந்தால் தானாகச் சுற்றை அறுக்கும் சுவிட்ச். ஃபேஸில் உள்ளே போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டு கம்பியும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போவதால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவில் கொஞ்சம் உன் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் சமம் கெட்டு, வளையத்தில் புலம் மிஞ்சி, அது ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டி சுவிட்சைத் தட்டிவிடும். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு, அதுவும் நொடியில் ஒரு சிறு பங்குக்குள். ஷாக் அடித்ததை உணர்வாய், இதயம் கலைவதற்கு நேரம் கிடைக்காது. அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல், அழுத்தியும் விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், போனது முழுவதும் திரும்பி வருகிறது, ஆர்சிசிபியின் கண்ணுக்கு நீயும் ஒரு பல்பு.


கூரைமேல் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், நன்றாக இருக்கிறது. என் மகளுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் பயமில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அது சரிதானா? கம்பியில் உட்காரும் காக்காய்க்கு ஷாக் அடிக்காததும் அதன் கால் காய்ந்திருப்பதால்தான் என்று எங்கோ படித்த ஞாபகம்.


கம்பிவேலை எழுதியது:

கூரைமேல், செருப்பை நம்ப வேண்டாம் என்று மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள், இதைக் கேட்டுக்கொள்கிறேன். செருப்பு தடுப்பது கால் வழியாகப் போகும் ஒரு பாதையை மட்டும்தான். இன்னொரு கை குழாயிலோ ஈரச் சுவரிலோ ஃப்ரிட்ஜின் உடலிலோ இருந்தால் மின்னோட்டம் கையிலிருந்து கைக்கு, நெஞ்சு வழியாகப் போகும். நனைந்த செருப்பு, ஓட்டை விழுந்த செருப்பு எதுவும் தடுக்காது.

காக்காய்க்குக் காரணம் கால் காய்ந்திருப்பது இல்லை, இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பது. கம்பியில் 100 ஆம்பியர் ஓடுகிறது, ஒரு கிலோமீட்டருக்கு 0.3 ஓம் தடை, கால்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் என்று போட்டால் இரண்டு காலுக்கும் நடுவே 1.5 மில்லி வோல்ட்தான் வரும். கம்பி தரையிலிருந்து 11,000 வோல்ட் மேலே இருக்கலாம், காக்காய் அந்த 11,000-ஐப் பார்ப்பதே இல்லை. சிறகு விரித்த பெரிய பறவை பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தொட்டால் அந்தக் கணமே கருகிவிடும்.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். காற்றில் மின்கம்பி அறுந்து தரையில் கிடந்தால், கம்பியைத் தொடாமல் பக்கத்தில் நின்றாலே ஆபத்து. கம்பி விழுந்த புள்ளியில் தரையின் மின்னழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். இரண்டு காலையும் அகட்டி வைத்தால் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்து ஒரு கால் வழியாக ஏறி இன்னொன்று வழியாக இறங்கும். மாடுகள் இதில் சீக்கிரம் செத்துவிடுகின்றன, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம், இதயம் நடுவில். அதிலிருந்து பத்து மீட்டருக்குள் போகவே கூடாது. தெரியாமல் அருகில் போய்விட்டால் பாதங்களை ஒட்டி வைத்துத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும், ஓடக் கூடாது.

மின்மினி, தோள் சரியாகிவிட்டது தம்பி, கேட்டதற்கு நன்றி.


வெள்ளைச்சட்டை எழுதியது:

அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருவரை மின்சாரம் பிடித்திருக்கும்போது காப்பாற்ற ஓடிப்போய்த் தொட்டவரும் சேர்ந்தே வந்த சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் மெயினை இறக்குங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். முடியவில்லையென்றால், வீட்டு மின்சாரமாக இருந்தால் மட்டும், உலர்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ வைத்துத் தள்ளிவிடுங்கள். உயர் அழுத்தக் கம்பி என்றால் மரக்கட்டையும் வேண்டாம், மின்வாரியம் இணைப்பை நிறுத்தும்வரை கிட்டே போகாதீர்கள். விடுவித்த பிறகு ஆள் அசைவில்லாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவே அழுத்த ஆரம்பியுங்கள், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். தோலில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும், இதயத்துடிப்பும் தாறுமாறாக இருக்கலாம்.


மின்மினி_10 எழுதியது:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். டெஸ்டரை ஃபேஸில் வைத்து அதன் தலையில் விரலை வைத்தால் விளக்கு எரிகிறது. என் உடம்பு வழியாகத் தரைக்குச் சுற்று முடிந்தால்தானே அது எரியும்? அப்படியானால் எனக்குள் மின்சாரம் ஓடுகிறது. ஏன் ஷாக் அடிப்பதில்லை என்று யோசித்து, டெஸ்டருக்குள் ஒரு பெரிய மின்தடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 10 லட்சம் ஓம் என்றால் 230-ஐ அதால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர், டீச்சர் சொன்ன 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே.


இயற்பியல்_டீச்சர் எழுதியது:

அப்படியே சரி. உள்ளே நியான் விளக்கோடு தொடர் இணைப்பில் ஏறக்குறைய நீ சொன்ன அளவு தடைதான் இருக்கிறது. தொடர் இணைப்பு என்பதால் உன் 1,500 ஓம் அந்தப் பத்து லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, நீ ஈரக் கையோடு இருந்தாலும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்தத் தடைதான். பக்க இணைப்பில் தொடங்கினோம், தொடர் இணைப்புக்கு நீயே வந்துவிட்டாய், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.


கம்பிவேலை எழுதியது:

ஒன்றே ஒன்று தம்பி. டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. எரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது, நியான் போயிருக்கலாம், நீ நன்றாகக் காப்பிட்ட பலகைமேல் நின்றுகொண்டிருக்கலாம், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாங்கள் முதலில் மின்சாரம் இருக்கிறதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்துப் பார்ப்போம், அப்புறம் வேலை செய்யப்போகும் கம்பியில், பிறகு திரும்பவும் முதல் இடத்தில். மூன்று தடவையும் பார்த்த பிறகுதான் கம்பியில் கை வைப்பேன். நீ படிக்கும் வயதில் திறந்த கம்பி எதிலும் கை வைக்காதே, டெஸ்டரோடும் வேண்டாம்.